ஓடும் வண்டியில் ஒரு ஜெபம்

அன்பு மகளுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்குவதுதான் வழக்கம். இந்த முறை கை வரவில்லை. நீ நலமாக இல்லை என்பது போன சனிக்கிழமை நம் அடுக்களையில் வைத்து எனக்குத் தெரிந்துபோயிற்று. அதுவும் இன்று நேற்றல்ல, ஏழு வருஷமாக என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. பெற்ற தாய்க்கு இதுகூடவா தெரியவில்லை என்று யாராவது கேட்டால் தலையைக் குனிவதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை. நீ சொல்லிவிட்டு, ரயிலுக்கு நேரமாயிற்று என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாய். நான் வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். டெலிபோனில் பேசலாம் என்றால் உங்கள் ரேகன்ஸ்பர்க் விடுதிப் போனுக்குப் பின்னால் எப்போதும் நாலு பேர் காத்து நிற்கிறார்கள். அதனால்தான் இந்தக் கடிதம். படித்து முடித்ததும் ஒளித்து வைக்க வேண்டாம். நம் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துப் பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டு. இப்போது ஆளாளுக்கு வண்டி வாங்குகிறார்கள், வாங்கிய மறுநாளே அதற்குள் ஒரு பாட்டுப்பெட்டியை வைத்துவிடுகிறார்கள். அவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது.

நீ நர்ஸ் படிப்பை நல்லபடியாக முடித்துவிட்டாய். மலைக்காட்டுப் பக்கம் கிராமம் கிராமமாகப் போய், படுக்கையில் கிடக்கிற கிழவர்களுக்குக் கட்டுப் போட்டு, ஊசி போட்டு, குளிப்பாட்டிவிடுகிற வேலை உன்னைத் தேடி வந்திருக்கிறது. கூடவே வண்டியும் தருகிறார்கள். ஓட்டுநர் பரீட்சையில் முதல் தடவையிலேயே தேறியவள் நீ. உங்கப்பா இரண்டாவது தடவை, அதுவும் பரீட்சைக்காரர் அன்றைக்கு நல்ல மனநிலையில் இருந்ததால். இவ்வளவும் இருக்க, வேலை வேண்டாம் என்று எழுதிவிடப் போவதாகச் சொன்னாய். வண்டியில் ரேடியோவும் உண்டாமே, ராஜயோகம்தான் போ என்று நான் கேலி செய்தேன். நீ கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "அம்மா, உங்க கால் போனது என்னாலதான். நான் இனிமே வண்டியத் தொட மாட்டேன்" என்றாய்.

அந்தப் பேச்சுக்குப் பதில் சொல்ல வேண்டுமானால் முதலிலிருந்து சொல்ல வேண்டும். உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் நீ பார்த்தது பின்சீட்டிலிருந்து. முன்சீட்டுக் கதை உனக்குத் தெரியாது.

நாம் மியூனிக் வந்தபோது உனக்கு ஆறு வயசு. உங்கப்பாவுக்கு ஆராய்ச்சிக்கூடத்தில் உலோகக் கம்பிகளை இழுத்து, எப்போது முறிகிறது என்று பார்க்கிற வேலை. நம் ஊரில் சொன்னால் சிரிப்பார்கள், முறிப்பதற்கா சீமைக்குப் போனான் என்று. வந்த புதிதில் டிராமும் நடையும்தான். ஊர்க் கடிதம் வர வாரக்கணக்காகும், வந்தாலும் அதில் பாதி, தபால்காரர் சுகமா என்கிற விசாரிப்பாகவே இருக்கும். பிறகுதான் உன் பெரியப்பா கையில் அந்த கேசட் பெட்டி கிடைத்தது. சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்த சபைக்காரர் ஒருவர் கொடுத்தாராம். பாளையங்கோட்டைப் பக்கத்துச் சின்னச் சபை ஒன்றில் உபதேசியார் வேலை பார்க்கிறவருக்குப் பேசச் சொல்லியா தரவேண்டும்? கடிதம் எழுதுவதை விட்டுவிட்டு கேசட்டில் பேசி அனுப்பத் தொடங்கிவிட்டார். முதல் கேசட் வந்து சேர்ந்தபோது அதைப் போட்டுக் கேட்க நம்மிடம் ஒன்றும் இல்லை. அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம்.

உங்கப்பா அப்போதுதான் ஒரு பழைய கார் வாங்கியிருந்தார். கேசட் பெட்டி வாங்குவதென்றால் காரில் பொருத்துகிறதாக வாங்குவோம் என்றார். மாதம் ஒருமுறை நியூரம்பெர்க்கில் தமிழ் ஆராதனைக்குப் போகிறோமே, வழியெல்லாம் பாமாலை கேட்டுக்கொண்டு போகலாம் என்று ஒரு நியாயம். வீட்டுக்கு ஒன்று வாங்காமல் வண்டிக்கு வாங்குகிற மனுஷனை எங்கேயாவது கண்டதுண்டா? நான் சொல்லித்தான் பார்த்தேன், கேட்கவில்லை. ஆராய்ச்சிக்கூடத்து நண்பர் ஒருவர் வந்து, ரேடியோவுக்குக் கீழே அதைத் திருகி மாட்டிக் கொடுத்தார். பொத்தானை அமுக்கினால் சின்னதாய் ஒரு பச்சை விளக்கு எரியும். உங்கப்பா அந்த விளக்கைப் பார்ப்பதற்காகவே அமுக்குவார்.

அதனால் ஊரிலிருந்து கேசட் வந்தால் நாம் மூன்று பேரும் கம்பளிக் கோட்டுப் போட்டுக்கொண்டு கீழே இறங்கி, வாசலில் நிற்கிற காருக்குள் போய் உட்கார்ந்துகொள்வோம். ஞாபகம் இருக்கிறதா? கண்ணாடியெல்லாம் மூச்சுக்காற்றில் வெளுத்துப்போகும். உள்ளே பெரியப்பா வீட்டுக் கோழி கூவும், பெரியம்மா பாத்திரம் துலக்குகிற சத்தம் கேட்கும், நாம் சிரிப்போம், நான் அழுவேன். ஒருநாள் கீழ்வீட்டு அம்மாள் கண்ணாடியைத் தட்டி, வண்டி கிளம்பவில்லையா என்று கேட்டாள். இல்லை, சும்மா உட்கார்ந்திருக்கிறோம் என்று உங்கப்பா சொன்னதை அவள் நம்பவில்லை. உள்ளே போய்ப் புருஷனைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள், வண்டியைத் தள்ளிவிட. பாவம், நல்ல மனுஷர்கள். நமக்குத்தான் விளக்கிச் சொல்ல வகையில்லாமல் போயிற்று.

பெரியப்பா எவ்வளவு கதை பேசினாலும் கடைசியில் ஜெபம் இல்லாமல் முடிக்க மாட்டார். தொண்டையைச் செருமிக்கொண்டு, பிரசங்க பீடத்திலிருந்து சொல்கிற அதே குரலில், "எல்லாரும் கண்களை மூடி ஜெபிப்போம்" என்பார். காருக்குள் மூன்று பேரும் தலையைக் குனிந்து கண்ணை மூடுவோம். உங்கப்பா ஸ்டியரிங்மேல் நெற்றியை வைத்துக்கொள்வார். நீ மட்டும் அவ்வப்போது அரைக்கண் திறப்பாய். சபையிலும் உனக்கு அந்தப் பழக்கம் உண்டு, நானும் தொடையில் கிள்ளுவேன். ஒருதடவை, "நான் திறந்தது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாய். நியாயமான கேள்விதான். அதற்கும் சேர்த்து இன்னொரு கிள்ளு கிள்ளினேன்.

என் கால் போன அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். உனக்கு அப்போது பதினாலு வயசு. பீர் காய்ச்சப் போடுகிற ஹாப்ஸ் பூவின் அறுவடைக் காலம். ஆராதனைக்குக் கிளம்பும்போதே தாமதம். பெரிய சாலையில் போய்க்கொண்டிருந்தபோது ரேடியோவில் முன்னால் நெரிசல் என்று சொன்னார்கள், அப்போதெல்லாம் ரேடியோ போக்குவரத்துச் செய்தி சொல்வதே புதுமை. உங்கப்பா உடனே சின்னச் சாலைக்கு இறங்கிவிட்டார். இரண்டு பக்கமும் உயரமான கம்பங்களில் ஹாப்ஸ் கொடி, நம்மூர் வெற்றிலைக் கொடிக்கால் மாதிரியே பச்சைப் பசேல் என்று. முந்தின நாள் வந்த கேசட் என் கைப்பையில் இருந்தது. ஆராதனை முடிந்து வந்து நிதானமாகக் கேட்கலாம் என்றுதான் வைத்திருந்தேன். சாலை காலியாகக் கிடந்தது, எனக்குப் பொறுக்கவில்லை. ரேடியோவை நிறுத்திவிட்டு அதை எடுத்துப் போட்டது நான். நன்றாகக் கேட்டுக்கொள், நான். அதற்கு முன் ஒருநாளும் ஓடுகிற வண்டியில் பெரியப்பா பேசினதில்லை. பாட்டுத்தான் ஓடியிருக்கிறது, பாட்டு யாரையும் கண்ணை மூடச் சொல்வதில்லை.

பெரியப்பா தன் மகன் பரீட்சையில் தேறினதைச் சொன்னார், கிணற்றில் தண்ணீர் வற்றினதைச் சொன்னார். நாம் காரில் ஊர் சுற்றுகிறவர்கள் என்று அவருக்குத் தெரியும். அதனால் அன்றைய ஜெபம் நம் பிரயாணங்களுக்காக. தொண்டையைச் செருமினார். கண்களை மூடுவோம் என்றார். நான் மூடினேன். அடுத்து எனக்குத் தெரிந்தது, வண்டியின் அடிவயிற்றில் கல்லும் மண்ணும் அடிக்கிற சத்தம், பிறகு ஒரு கம்பம் முறிகிற சத்தம். சாலை திரும்பியிருக்கிறது, நாம் திரும்பவில்லை. கொடியோடு கம்பம் சாய்ந்து வண்டி மேல் விழுந்தது. அந்தக் காலத்தில் பெல்ட் என்று ஒன்றை யார் போட்டார்கள்? உங்கப்பாவுக்கு நெற்றியில் காயம், உனக்கு உதட்டில் கீறல், எனக்கு வலது கால். பீர் வாடையே ஆகாத குடும்பத்தைத் தாங்கிப் பிடித்தது பீர்க் கொடிக்கால் என்று பிற்பாடு நான் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

தோட்டக்காரரும் அவர் மனைவியும் ஓடி வந்தார்கள். எத்தனை பேர் என்று கேட்டாள் அந்த அம்மாள். மூன்று என்றார் உங்கப்பா. இல்லை, இன்னொரு ஆள் உள்ளே பேசுகிறார் என்று அவள் சீட்டுக்கு அடியிலெல்லாம் தேடினாள். பெரியப்பா ஜெபித்துக்கொண்டே இருந்தார். பிரயாணத்தில் ஒரு சேதமும் வராமல் காத்தருளும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஆமென் சொன்ன பிறகு பெரியம்மாவின் குரல், பெட்டி இன்னும் ஓடுதே, நிப்பாட்டுங்க என்றது. அந்தப் பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

கண்ணில் வெயில் அடித்துவிட்டது என்று உங்கப்பா போலீசிடம் சொன்னார், என்னிடமும் அதையே சொன்னார். நான் கண்ணை மூடியிருந்தவள், எனக்கு வெயில் தெரியுமா, நிழல் தெரியுமா? நம்பினேன். போன சனிக்கிழமை வரைக்கும் நம்பினேன். அன்றைக்கு வெயிலே இல்லை, மேகமூட்டம் என்று நீ சொன்னாய். "அப்பா கண்ணை மூடியிருந்தாங்க. நான் கண்ணாடியில பார்த்தேன். கூப்பிட்டா, நான் கண்ணைத் திறந்தது தெரிஞ்சிரும்னு சும்மா இருந்துட்டேன்" என்றாய். சொல்லும்போது நீ இருபத்தொரு வயசு நர்ஸாக இல்லை, பதினாலு வயசுப் பிள்ளையாகத்தான் நின்றாய்.

மகளே, நான் இரண்டு நாள் தூங்கவில்லை. எனக்குக் கோபம் வந்ததா என்று நீ நினைக்கலாம். வந்தது, என் மேல். ஜெபத்தில் கண் திறந்தால் கிள்ளு விழும் என்று உன்னைப் பழக்கினவள் யார்? அந்தத் தொடைக்கிள்ளுக்குப் பயந்து நீ வாயை மூடினாய். ஒன்றை யோசித்துப் பார். நீ கண்ணாடியில் பார்த்த நேரத்துக்கும் கல் அடித்த நேரத்துக்கும் நடுவில் எவ்வளவு இருந்திருக்கும்? அப்பா என்று நீ ஒரு வார்த்தை சொல்லி முடிக்கக்கூட நேரம் இருந்திருக்காது. பார்த்தது நிஜமா என்று மனசு நம்புவதற்கே அவ்வளவு நேரம் ஆகும். உனக்கோ அது பெரிய நேரமாக மனசில் நின்றுவிட்டது. ஏழு வருஷம் அதை நீட்டி நீட்டிப் பார்த்தால் எதுவும் நீளும்.

என் கால் மடங்காது, சப்பணம் போட்டு உட்கார முடியாது, படி இறங்கும்போது பக்கவாட்டில் இறங்குவேன். இதெல்லாம் உள்ளதுதான். நான் இறங்குகிற ஒவ்வொரு படிக்கும் நீ உள்ளுக்குள் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாய் என்று நினைக்கும்போதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஆஸ்பத்திரியில் என் பக்கத்தில் உட்கார்ந்து தலைவாரி விட்டாயே, அப்போதே நர்ஸாகப் போகிறேன் என்றாய். பிள்ளைக்கு இரக்க மனசு என்று ஊரெல்லாம் பெருமை பேசினேன். அபராதம் கட்டத்தான் அந்தப் படிப்பா என்று இப்போது ஒரு சந்தேகம் வருகிறது. அப்படியானால் போதும். அது என் கால். அதற்காக மன்னிக்கிற உரிமை இருந்தால் எனக்குத்தான் இருக்கிறது. உன்னிடத்தில் மன்னிக்க ஒன்றுமே இல்லை என்பதுதான் என் தீர்ப்பு. இதற்கு மேல்முறையீடு கிடையாது.

திங்கட்கிழமை உங்கப்பா காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது கேட்டேன், அன்றைக்கு வெயில் அடித்ததா என்று. டம்ளரைக் கீழே வைத்தார். யார் சொன்னது என்றார். பார்த்தவள் சொன்னாள் என்றேன். பிறகு சொன்னார்: "அண்ணன் மூடுவோம்னு சொன்னாக, மூடிட்டேன். ஊருல, நம்ம சபையில, முன்பெஞ்சுல உட்கார்ந்திருந்தேன். வண்டியில இருக்கேங்கிற நெனப்பே இல்ல." விபத்துக்குப் பிறகு அவர் வண்டி ஓட்டுவதை விட்டதும், யார் வண்டியிலும் ஏறாமல் மழையானாலும் பனியானாலும் டிராமுக்கு நடப்பதும் பயத்தினால் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அது பயமில்லை, வெட்கம். உண்மையைச் சொன்னால் அண்ணன் மனசு உடைந்துபோகும், பிறகு அவர் வாயைத் திறந்து ஜெபிக்கவே மாட்டார் என்பதற்காகத்தான் வெயிலைச் சொன்னாராம். அங்கே உன் பெரியப்பாவோ, தன் ஜெபம் ஒலித்துக்கொண்டிருந்தபடியால்தான் மூன்று உயிரும் தப்பியது என்று சபை சபையாகச் சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறார். சொல்லட்டும். மூன்று பேரும் உயிரோடுதானே இருக்கிறோம், அவர் சொல்வதை முழுப்பொய் என்று நான் எப்படிச் சொல்வேன்?

இதிலிருந்து உனக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் நான் சொல்ல விரும்புவது பெரிய ஞானம் ஒன்றுமில்லை. வண்டிக்குள் என்ன பெட்டி வேண்டுமானாலும் வையுங்கள். பாட்டுக் கேளுங்கள், நெரிசல் எங்கே என்று கேளுங்கள். முதலாளிமார் இப்போது வண்டிக்குள் டெலிபோன்கூட வைத்திருக்கிறார்களாம், நாளைக்கு இன்னும் என்னவெல்லாமோ வரும். ஆனால் உங்களுக்குப் பிரியமானவர்களின் குரல் வந்தால், வண்டியை ஓரத்தில் நிறுத்திவிட்டுக் கேளுங்கள். அந்நியன் பேச்சு காதோடு போய்விடும். சொந்தக்காரர் பேச்சு ஆளையே கூட்டிக்கொண்டு போய்விடும். அன்றைக்குக் கண் மூடினது ஒரு பக்கம் இருக்கட்டும், கண் திறந்திருந்தாலும் உங்கப்பா அந்த வண்டியில் இல்லை, ஊரில் இருந்தார். ஊர் நினைப்பு உள்ளவர்கள் நாம், நமக்குத்தான் இந்த ஆபத்து அதிகம். ஜெபம் பண்ண வேண்டுமென்றால் வண்டி கிளம்புவதற்கு முன் பண்ணுங்கள். ஓடும்போது பண்ணித்தான் ஆகவேண்டுமென்றால் கண்ணைத் திறந்துகொண்டு பண்ணுங்கள். ஆண்டவர் அதற்காகக் கிள்ள மாட்டார்.

வேலைக்கு இன்னும் பதில் எழுதவில்லை என்று சொன்னாய் அல்லவா, எழுதாதே. பொறு. அந்த மலைக்காட்டில் படுத்துக் கிடக்கிற கிழவர்கள், வாசலில் ஒரு வண்டி வந்து நிற்காதா என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஓடுகிற வண்டியில் எது நடக்கும் என்று தெரிந்த ஒருத்தி வருவது அவர்களுக்கு நல்லது. உன் அறைத் தோழி ஓட்டிப் பழகத் தன் வண்டியைத் தருகிறேன் என்று சொன்னாளே, ஞாயிற்றுக்கிழமைக்கு அதைக் கேட்டு வை. நாங்கள் ரேகன்ஸ்பர்க்குக்கு ரயிலில் வருகிறோம். நீ எங்களை ஏற்றிக்கொண்டு ஆற்றோரமாக ஒரு சுற்றுக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். நான் முன்சீட்டில் உட்கார்ந்து வாயைத் திறக்காமல் வருவேன். அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும், அதிலிருந்தே என் நம்பிக்கையைத் தெரிந்துகொள்.

உங்கப்பா வருவாரா என்று கேட்பாய். நானும் நேற்று வரை வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். இதை எழுதிக்கொண்டிருக்கும்போது பின்னால் வந்து நின்று வாசித்தார். போய் ஜன்னலோரம் நின்றார். பிறகு திரும்பி வந்து, இதையும் எழுது என்றார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

"அந்த வண்டியில கண்ணைத் தெறந்து வச்சிருந்தது அவ ஒருத்திதான். அவ ஓட்டினா நான் ஏறுதேன்."

ஞாயிறு மதியம், ஸ்டேஷன் வாசலில் இரண்டு பேரும் நிற்போம்.

உன் அம்மா